சேலத்தில் கார் கட்டலாமா? சிறு தயாரிப்பாளர்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்

வருஷத்துக்குப் பத்து, நூறு, மிஞ்சிப் போனால் ஆயிரம் கார் மட்டும் செய்கிற சின்னக் கம்பெனிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எனக்குக் கொண்டலாம்பட்டிப் பக்கம் பாடி கட்டும் பட்டறை, வண்டிக்கு அங்கீகாரம் வாங்குவதற்காக அலைந்த அனுபவமும் உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாபேட்டை, ஜவுளி வியாபாரி: அண்ணா, வருஷத்துக்கு ஐம்பது கார் செய்கிறவனால் ஊருக்கு என்ன லாபம்? பெரிய பேக்டரி ஒன்று வந்தால் ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்குமே?

பெரிய பேக்டரி வரட்டுங்க, யார் வேண்டாம் என்றது. ஆனால் அங்கே வெல்டிங் அடிப்பது ரோபோ. சின்னக் கம்பெனியில் ஒரு காருக்குள் போகிற மனித உழைப்பு பல மடங்கு. இங்கிலாந்தில் மால்வர்ன் என்கிற சின்ன ஊரில் மோர்கன் கம்பெனி 1909-இல் தொடங்கியது, இன்றும் அவர்கள் காரின் தகட்டுக்கு உள்ளே இருப்பது ஆஷ் மரச் சட்டம். பின் சக்கரத்துக்கு மேலே வருகிற வளைவுக்கு மெல்லிய மரப்பட்டைகளைப் பசை தடவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஜிக் என்கிற வளைவு அச்சில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, பசை காயும்வரை விட்டுவிடுகிறார்கள். கழற்றினால் வளைவு அப்படியே நிற்கும். சங்ககிரியில் லாரி கேபின் கட்டும் ஆசாரியிடம் இதைக் காட்டினால் பார்த்த உடனே பிடித்துக்கொள்வார். அந்தக் கைவேலைக்கு நம் ஊரில் கிடைப்பது தினக்கூலி, அங்கே அதற்காகவே காரின் விலை ஏறுகிறது.

இன்னொரு லாபம் கண்ணுக்குத் தெரியாது. புதுத் தொழில்நுட்பத்தை முதலில் துணிந்து போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் இவர்கள்தான். இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி 1996-இல் எலீஸ் காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, அலுமினியத்தில் வெல்டிங் இல்லாமல் பசை போட்டே ஒட்டியது. குரோஷியாவில் மாட்டே ரிமாட்ஸ் பழைய பிஎம்டபிள்யூ ஒன்றை எலக்ட்ரிக்காக மாற்றி ஆரம்பித்தார், பிறகு பெரிய கம்பெனிகளே அவரிடம் பேட்டரி அமைப்பு வாங்கின, 2021-இல் சொகுசு வேகக் கார் செய்கிற புகாட்டியே அவர் நிறுவனத்தோடு இணைந்தது. நம் பக்கத்து பெங்களூரில் ரேவா 2001-இல் எலக்ட்ரிக் கார் விற்க ஆரம்பித்தபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 2010-இல் மஹிந்திரா அதை வாங்கியது.

ஓமலூர் ரோடு, இன்ஜினியரிங் மாணவர்: சார், நாங்கள் பார்முலா பாரத் என்கிற மாணவர் ரேஸ் கார் போட்டிக்கு கார் கட்டினோம். இதையே ரோட்டில் ஓட்டுகிற மாதிரி செய்து விற்க முடியுமா?

தம்பி, டிராக்கில் மட்டும் ஓடுகிற காருக்கு ஆர்.சி. வேண்டாம், அதனால் அங்கே ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். கோயம்புத்தூரில் ரேஸ் வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து பார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டியது அப்படித்தான். எஞ்சினை நீங்களே செய்ய நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் சின்னக் கார் கம்பெனி கேட்டர்ஹாம் கூட அதன் சின்ன மாடலில் சுசுகியின் 660 சிசி எஞ்சினைத்தான் மாட்டுகிறது.

ரோடு என்றால் கதை வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டியைப் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையத்தில் கொடுத்து அங்கீகாரம் வாங்க வேண்டும். புகைக்கு பிஎஸ்6, முன்பக்க மோதலுக்கு ஏஐஎஸ் 098, பக்கவாட்டு மோதலுக்கு ஏஐஎஸ் 099 (ஏஐஎஸ் என்பது நம் நாட்டு வாகனத் தர விதி). மோதல் சோதனை என்றால் நீங்கள் கட்டிய காரை உடைத்துத்தான் பார்ப்பார்கள். எல்லாச் சோதனைக்கும் சேர்த்து 2 கோடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லட்சம் கார் விற்கிறவனுக்கு அது காருக்கு 200 ரூபாய், ஐம்பது கார் விற்கிற உங்களுக்குக் காருக்கு 4 லட்சம். பிரச்சினை முழுக்க இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை: சின்னக் கம்பெனி என்பதற்காகப் பாதுகாப்பில் சலுகை கொடுப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதாங்க அம்மா, பாதுகாப்பில் சலுகை கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 2015-இல் ஒரு சட்டம் வந்தது. பழைய மாடல் சாயலில் கார் செய்கிற சின்னக் கம்பெனி வருஷத்துக்கு 325 வரை விற்கலாம், எஞ்சின் மட்டும் இன்றைய புகை அளவுக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், மோதல் விதிகள் கிடையாது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பாவின் வழி அதைவிட நல்லது. ஒரு வகைக் கார் வருஷத்துக்கு 1,500 வரை என்றால் அதற்குச் சிறு தொடர் அங்கீகாரம் என்று தனிப் பாதை இருக்கிறது, 1,000-க்குக் கீழே பதிவாகிற கம்பெனிக்குக் கார்பன் வெளியேற்ற இலக்கிலிருந்து விலக்கும் உண்டு. பிரிட்டனில் ஒரே ஒரு காரைக் கூட நேரில் பரிசோதித்து அனுமதி கொடுக்க ஐ.வி.ஏ. என்ற முறை வைத்திருக்கிறார்கள். பிரேக், சீட் பெல்ட் மாட்டும் இடம், ஸ்டீயரிங் இதிலெல்லாம் ஒரு இம்மி குறையக் கூடாது. சோதனைக் கட்டணத்திலும், புது விதி வரும்போது கொடுக்கும் கால அவகாசத்திலும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஐந்து ரோடு, பழைய கார் வியாபாரி: சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே, இவர்களுக்கு மட்டும் ஏன் தனியாக?

ஒன்றாக இல்லைங்க, அதுதான் என் ஆதங்கம். 2018 முதல், வெளிநாட்டுக் கம்பெனி அங்கே அங்கீகாரம் பெற்ற வலது கை ஸ்டீயரிங் காரை வருஷத்துக்கு 2,500 வரை இங்கே மறுசோதனை இல்லாமல் இறக்கலாம். போக்ஸ்வேகன் டி-ராக் அப்படி வந்ததுதான். எண்ணிக்கை குறைவாக இருந்தால் முழுச் சோதனை பாரம் என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதானே? அந்த நியாயம் இங்கேயே தகடு தட்டுகிறவனுக்குக் கிடையாது.

வாகனத் தொழிலுக்கு மத்திய அரசு 2021-இல் அறிவித்த 25,938 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்தையும் பாருங்கள். வண்டி செய்கிறவர் அதில் சேர 10,000 கோடி வருமானமும் 3,000 கோடி நிலையான சொத்து முதலீடும் காட்ட வேண்டியிருந்தது, உதிரிபாகம் செய்கிறவருக்கே 500 கோடி வருமானம். நம் ஊர் லேத் பட்டறைக்காரர் அந்தப் படிவத்தைத் தொடக்கூட முடியவில்லை.

குகை, டிங்கர் வேலை: அண்ணே, பழைய ஜீப் சேஸி மேல் சொந்தமாக பாடி கட்டினால் ஆர்.சி.யில் ஏற்றுவார்களா?

மாட்டாங்க. வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தடுக்கிறது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லிவிட்டது. காசைப் போட்டுவிட்டு எஃப்.சி.யில் மாட்டாதீர்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்: மலைக்கு ஏற்ற சின்ன எலக்ட்ரிக் வண்டியைச் சேலத்திலேயே செய்ய முடியாதா?

முடியும் அக்கா, முதல் படி அதுவாக இருந்தால் நல்லது. குவாட்ரிசைக்கிள் என்று காரை விடச் சின்ன நாலு சக்கர வண்டி வகை ஒன்றை 2018-இல் சொந்த உபயோகத்துக்கும் அனுமதித்தார்கள், அதற்குச் சோதனைகள் காரை விடக் குறைவு. ஒன்று கவனியுங்கள். கீழே இறங்கும்போது மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரியில் சார்ஜ் ஏற்றும், ஆனால் ஏற்காட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு நிரப்பிவிட்டு இறங்கினால் மேலும் சார்ஜ் ஏற பேட்டரியில் இடம் இருக்காது, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் சாதா பிரேக்தான் சூடேறிக்கொண்டே வரும். தோட்டத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் செட்டிங்கை முதல் வண்டியிலிருந்தே வைக்க வேண்டும். மலை தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்து கட்டுவதன் பலன் இதுதான்.

சீலநாயக்கன்பட்டி, லேத் பட்டறை: சரி, நாங்கள் அரசிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கள். இறக்குமதிக்குக் கொடுத்த 2,500-ஐ வைத்தே உள்ளூர்த் தயாரிப்புக்கும் ஒரு சிறு தொடர் அங்கீகாரம். மாநில அரசிடம் ஒரகடம் சோதனைக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது, கரூரில் பஸ் பாடி எப்படிக் கட்டுகிறார்கள்? சேஸி ஒரு கம்பெனி, பாடி இன்னொருவர், அதற்கு ஏஐஎஸ் 052 என்று தனி விதி. காரிலும் பிரேக், ஸ்டீயரிங், பேட்டரியோடு சோதித்து முடித்த சேஸியைப் பெரிய கம்பெனி விற்கட்டும், மேலே கட்டுகிற பாடிக்கு மட்டும் நாம் சோதனை கொடுப்போம். மோதல் சோதனை அப்போதும் இருக்கும், மற்ற வேலை பெரிதும் குறையும். விதித் திருத்த வரைவு அரசிதழில் வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 30 நாள் கொடுப்பார்கள். தனித்தனியாக எழுதாமல் சங்கத்தின் பெயரில், பட்டறையில் எத்தனை பேர், என்ன மெஷின், வருஷத்துக்கு எத்தனை வண்டி முடியும் என்ற கணக்கோடு எழுதுங்கள். வரைவு எழுத உதவி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாங்க, உட்கார்ந்து எழுதிவிடலாம்.