முட்டுக்கட்டையைப் போட்டவர்கள் யார்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பருவநிலை மாற்றத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவரப் போய் பிரதமர்களே பதவி இழந்தார்கள். வந்த சட்டமும் இரண்டே ஆண்டில் போய்விட்டது. அவ்வளவு வசதியான நாட்டின் நாடாளுமன்றமே கட்சிச் சண்டையில் சிக்கிக்கொண்டால் மற்ற நாடுகள் என்ன செய்ய முடியும்? எந்தக் கட்சியானாலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அந்தப் பழமொழியை இந்த விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன். எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் யாரையும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தவறு செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது. ஆஸ்திரேலியாவில் நடந்ததெல்லாம் தேதியோடும் வாக்கு எண்ணிக்கையோடும் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

முதலில் ஒன்று. இந்த விவகாரம் சண்டையில் தொடங்கவில்லை. 2007 தேர்தலில் லிபரல் கட்சிப் பிரதமர் ஜான் ஹோவர்டும் தொழிற்கட்சித் தலைவர் கெவின் ரட்டும் ஒரே வாக்குறுதியைத்தான் கொடுத்தார்கள்: கார்பன் உமிழ்வுக்கு விலை வைப்போம், அதிகம் உமிழும் நிறுவனங்கள் அதற்கான அனுமதியை வாங்க வேண்டும். ரட் வென்றார். 2009 நவம்பரில் அவருடைய அமைச்சர் பென்னி வாங்கும் எதிர்க்கட்சியின் இயன் மெக்ஃபார்லனும் உட்கார்ந்து பேசி, திருத்தங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். லிபரல் தலைவர் மால்கம் டர்ன்புல் அதை ஏற்றுக்கொண்டார். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து மசோதாவை நிறைவேற்றும் கட்டம் வந்துவிட்டது.

டிசம்பர் 1ஆம் தேதி லிபரல் கட்சிக்குள் தலைமைக்கு வாக்கெடுப்பு நடந்தது. மசோதாவை எதிர்த்து நின்ற டோனி அபட் 42, டர்ன்புல் 41. ஒரே ஒரு வாக்கு. மறுநாளே நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மசோதா 41க்கு 33 என்று தோற்றது. இதே அபட்தான் அந்த ஆண்டு ஜூலையில், கார்பனுக்கு விலை வைப்பதானால் நேரடியாக ஒரு வரி போட்டுவிடலாமே என்று தொலைக்காட்சியில் சொன்னவர். ரட்டின் மசோதாவை நிறைவேற விட்டுவிடலாம் என்று தம் கட்சிக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. நான்கைந்து மாதத்தில் அறிவியல் மாறிவிடவில்லை. தலைமை நாற்காலிக்குப் போகும் வழி இதுதான் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பழி முழுவதும் ஒரு பக்கம் மட்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த 41 பேரில் பசுமைக் கட்சியின் ஐந்து செனட்டர்களும் இருந்தார்கள். இலக்கு மிகக் குறைவு, நிலக்கரி நிறுவனங்களுக்குச் சலுகை மிக அதிகம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். கட்சிக் கட்டளையை மீறி இரண்டு லிபரல் பெண் உறுப்பினர்கள் அரசின் பக்கம் வாக்களித்திருந்தார்கள். பசுமைக் கட்சியின் ஐந்து பேரும் அவர்களோடு சேர்ந்திருந்தால் முடிவு 38க்கு 36 ஆகியிருக்கும். குறையுள்ள சட்டத்தைப் பின்னால் திருத்தலாம். இல்லாத சட்டத்தை எப்படித் திருத்துவது? ரட் செய்ததும் சரியில்லை. நம் தலைமுறையின் மாபெரும் அறச் சவால் என்று மேடையில் முழங்கியவர், செனட் இரண்டு முறை நிராகரித்த பிறகு, இரு அவைகளையும் கலைத்துவிட்டு மக்களிடம் போயிருக்கலாம். அரசமைப்புச் சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. அவரோ 2010 ஏப்ரலில் திட்டத்தையே ஒத்திப்போட்டார். இரண்டு மாதத்தில் பதவியும் போனது.

அடுத்துப் பிரதமராக வந்த, அதே தொழிற்கட்சியின் ஜூலியா கில்லார்ட், என் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது என்று தேர்தலில் சொன்னார். பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சி, சுயேச்சைகள் ஆதரவோடு ஆட்சி அமைத்து, 2011இல் சட்டத்தை நிறைவேற்றினார். கீழவையில் 74க்கு 72. ஒரு டன்னுக்கு 23 டாலர் என்று 2012 ஜூலை 1 முதல் விலை நடைமுறைக்கு வந்தது. சொன்ன சொல்லை மீறினார் என்ற குற்றச்சாட்டை அவரால் கடைசிவரை உதற முடியவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் சாதாரண மக்களை எப்படி நடத்தியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். விலையை நேரடியாகக் கட்டியவை சில நூறு பெரிய நிறுவனங்கள். மின்கட்டணம் உயரும் என்பதால், வருமான வரி கட்டத் தேவையில்லாத வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்திக் கொடுத்தது அரசு. தெற்கு ஆஸ்திரேலியாவின் உருக்காலை ஊரான வயாலா வரைபடத்திலிருந்தே அழிந்துபோகும் என்று ஊர் ஊராகச் சொன்னார் அபட். ஜூலை 1 வந்தது. வயாலா அழியவில்லை. மின்துறையின் உமிழ்வுதான் குறைந்தது. 2013இல் அபட் ஆட்சிக்கு வந்து, 2014 ஜூலையில் சட்டத்தை நீக்கினார். உயர்த்திக் கொடுத்த வரி வரம்பை மட்டும் தொடவில்லை. உமிழ்வு மீண்டும் ஏறியது.

அபட்டின் அலுவலகத்தை நடத்திய பீட்டா கிரெட்லின் 2017இல் தொலைக்காட்சியில் சொன்னதை ஒவ்வொரு வாக்காளரும் கேட்டிருக்க வேண்டும். அது உண்மையில் கார்பன் வரியே அல்ல, நாங்கள்தான் அதை அப்படி ஆக்கினோம், சுற்றுச்சூழலைப் பற்றிய விவாதத்தை மக்களின் சட்டைப்பையைப் பற்றிய சண்டையாக மாற்றினோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நாட்டின் பத்து ஆண்டுகளை விழுங்கிய சண்டை இது! படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதே 2017 பிப்ரவரி. தென்கிழக்கு ஆஸ்திரேலியா கடும் வெப்ப அலையில் வெந்துகொண்டிருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம். நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் ஒரு நிலக்கரித் துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, இது நிலக்கரி, பயப்படாதீர்கள் என்றார். சுரங்க நிறுவனங்களின் சங்கம் கொடுத்த துண்டு அது. கையில் கரி ஒட்டாதபடி மேலே பூச்சு பூசியிருந்தார்கள். சக அமைச்சர்கள் அதைக் கைமாற்றிச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு மோரிசன் பிரதமரானார். 2019 கடைசியில் காடுகள் பற்றி எரிந்தன. மல்லகூட்டா என்ற கடலோர ஊரில் ஆயிரக்கணக்கானோர் டிசம்பர் 31 அன்று கடற்கரைக்கு ஓடி, பட்டப்பகலில் இருண்டு சிவந்த வானத்தின் கீழே நின்றார்கள். பிறகு கடற்படைக் கப்பல் வந்து அவர்களில் பலரை ஏற்றிச் சென்றது. அந்தக் கோடையின் தீயில் 33 பேர் இறந்தார்கள், 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரு வரியை ரத்து செய்ததால்தான் காடு எரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்ததை அந்த அவை எப்படி நடத்தியது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

மற்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். அங்கே வாக்காளர்கள் செய்ததைச் சொல்கிறேன். சிட்னியின் வாரிங்கா தொகுதி 1994 முதல் அபட்டின் கையில் இருந்தது. 2019இல் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்த ஸாலி ஸ்டெகால் பருவநிலையை முன்வைத்துச் சுயேச்சையாக நின்று அவரைத் தோற்கடித்தார். 2022இல் அதே வழியில் மேலும் ஆறு சுயேச்சைப் பெண்கள் லிபரல் கட்சியின் கோட்டைகளில் வென்றார்கள். நிதியமைச்சரே தொகுதியை இழந்தார். அந்த ஆண்டே, 2030க்குள் உமிழ்வை 43 சதவீதம் குறைப்பது, 2050க்குள் நிகர பூஜ்யம் (வெளியிடும் அளவுக்குக் காற்றிலிருந்து திரும்ப எடுத்து ஈடுகட்டுவது) என்ற இலக்குகளைத் தொழிற்கட்சி அரசு சட்டமாக்கியது. கீழவையில் லிபரல் கட்சியிலிருந்து ஆதரித்து வாக்களித்தவர் டாஸ்மேனியாவின் பிரிட்ஜெட் ஆர்ச்சர் ஒருவர் மட்டுமே. 2025 தேர்தலில் அவரும் தோற்றார் என்பது எனக்கு வருத்தம்தான்.

அந்தத் தேர்தலில் படுதோல்வி அடைந்த லிபரல் கட்சி, 2025 நவம்பரில் நிகர பூஜ்ய இலக்கையே கைவிடுவதாக அறிவித்திருக்கிறது. ஆகவே சண்டை ஓயவில்லை. ஆனால் இலக்கு இப்போது சட்டத்தில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் இரு அவைகளிலும் மறுபடி வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும், எழுந்து வாக்களிக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகும்.