மக்காவ் கேசினோ வருமானம் ஐந்து மடங்கு ஏறியது நிஜம்தான், ஆனால் உங்கள் ஐந்து லட்சத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஏஜென்ட் ஒருவர், சீனாவின் தனி நிர்வாகப் பகுதியான மக்காவில் இருக்கும் கேசினோவின் (சூதாட்ட விடுதியின்) விஐபி அறை ஒன்றில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஐந்து லட்சம் போட்டால் மாதம் 3% வருமாம். அங்கே வருமானம் இரண்டே வருடத்தில் ஐந்து மடங்கு ஏறியதாக ஒரு வரைபடமும் அனுப்பியிருக்கிறார். அது உண்மையா? பணம் போடலாமா?

பதில்: வரைபடம் உண்மை. பணம் போடக் கூடாது.

மக்காவ் கேசினோக்களின் மொத்த வருமானம் 2022-இல் சுமார் 4,220 கோடி பட்டாக்கா (மக்காவ் நாணயம்). 2024-இல் சுமார் 22,680 கோடி. கணக்கு சரிதான். ஆனால் 2022 எப்படிப்பட்ட வருடம்? கொரோனா கட்டுப்பாட்டால் சீனாவிலிருந்து ஆள் வரத்து வெகுவாகக் குறைந்திருந்தது. ஜூலையில் கேசினோக்களையே சுமார் இரண்டு வாரம் மூடி வைத்தார்கள். படுத்துக் கிடந்த வருடத்திலிருந்து அளந்தால் எதுவும் மலையாகத்தான் தெரியும். அதே வரைபடத்தை 2019-இல் தொடங்கச் சொல்லுங்கள். அந்த வருட வருமானம் ஏறக்குறைய 29,250 கோடி. அதோடு ஒப்பிட்டால் 2024-இல் இருபது சதவீதத்துக்கும் மேல் சரிவு. 2013-இல் தொடங்கினால் 36,000 கோடிக்கும் மேல். அந்த உச்சத்தை மக்காவ் பிறகு தொடவே இல்லை. தொடக்க வருடத்தை மறைத்துவிட்டு சதவீதத்தை மட்டும் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நம் செய்தித்தாள்களும் இதையேதான் செய்கின்றன. மாதாமாதம் மக்காவ் அரசு இலவசமாக வெளியிடும் தொகையைப் பக்கத்தில் போட என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று, இந்த வருமானம் லாபம் அல்ல. ஆடியவர்கள் தோற்று, கேசினோவில் தங்கிய மொத்தப் பணம். அதில் சுமார் 40% வரியாகவும் கட்டணமாகவும் அரசுக்கே போய்விடும்.

சரி, பெரும் தொகை வைத்து ஆடுகிறவர்களுக்கான விஐபி அறைக்கு வருவோம். 2013-இல் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான் வந்தது. சீனப் பணக்காரர்களை அழைத்து வந்து, கடன் கொடுத்து, பிறகு வசூலித்தவர்கள் ஏஜென்டுகள். 2014-இல் சீனாவின் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை இறுகியதும் அந்தப் பணக்காரக் கூட்டம் ஒதுங்கியது. 2015-இல் டோரே என்ற ஏஜென்ட் நிறுவனத்தில் வட்டிக்குப் பணம் போட்டிருந்தவர்கள், அது திரும்பக் கிடைக்காமல் தெருவில் நின்று போராடினார்கள். 2021 நவம்பரில் மிகப் பெரிய ஏஜென்ட் நிறுவனமான சன்சிட்டியின் தலைவர் ஆல்வின் சாவ் கைதானார். 2023 ஜனவரியில் 18 வருட சிறைத்தண்டனை. 2022-இல் வந்த புதிய சட்டப்படி ஏஜென்டுகள் கேசினோ வருமானத்தில் பங்கு வாங்கக் கூடாது, வெளியாரிடம் டெபாசிட் வாங்குவதும் குற்றம். 2024-இல் மொத்த வருமானத்தில் விஐபி மேசைகளின் பங்கு கால்வாசிகூட இல்லை. மக்காவைத் தூக்கி நிறுத்தியது சாதாரண ஹாலில் ஆடும் சுற்றுலாப் பயணிகள். அந்தப் பகுதி வருமானம் 2019-ஐயே தாண்டிவிட்டது. உங்களுக்கு விற்கப்படுவதோ சுருங்கிப்போன பகுதி, அதுவும் சட்டம் தடுத்திருக்கிற வடிவத்தில்.

அப்புறம், அந்த ஏஜென்ட் மக்காவின் மாத வருமானச் செய்திகளையும் அனுப்புவார். முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது பொதுவாகச் சரியான முறை. ஜனவரி, பிப்ரவரி மட்டும் விலக்கு, ஏனென்றால் சீனப் புத்தாண்டு இடம் மாறும். 2024-இல் அது பிப்ரவரி 10. 2025-இல் ஜனவரி 29. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் மக்கள் ஊருக்குப் போவார்கள், கேசினோ காற்று வாங்கும். அதனால் வருமானம் 2025 ஜனவரியில் 5.6% இறங்கியது, பிப்ரவரியில் 6.8% ஏறியது. இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் ஏற்றம் அரை சதவீதம்கூட இல்லை. பிப்ரவரிச் செய்தியை மட்டும் ஒருவர் அனுப்பினால், ஜனவரி எங்கே என்று கேளுங்கள்.

நம் சட்டமும் குறுக்கே நிற்கிறது. சூதாட்டத் தொழில் செய்யும், பங்குச்சந்தையில் இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தில் இந்தியாவில் வசிப்பவர் பங்கு வாங்க 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வங்கிப் படிவத்தில் ‘உறவினர் பராமரிப்பு’ என்று குறிக்கச் சொல்வார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பொய் சொன்னவர் நீங்கள்தான், அவர் அல்ல. வங்கியோ படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. பிறகு புகார் கொடுக்கப் போனால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்தவர்களை இப்படி அலையவிடுவது அநியாயம்.

முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ‘இன்னும் கொஞ்சம் கட்டினால் முழுதும் திரும்பும்’ என்ற பேச்சுக்கு மசியாதீர்கள். இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பணம் போன கணக்கு எண்ணையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.