வாசகர் கேள்வி – பதில்: முதுகுப்பையில் புத்தகத்துக்கு இடம் உண்டா?

மூன்று மாதம் ஒரு முதுகுப்பையோடு பல நாடுகள் சுற்றிவரப் போகிறேன். படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. எத்தனை புத்தகம் எடுத்துப் போகலாம்? கிண்டில் ஒன்றே போதும் என்கிறாள் தோழி.

தோழி சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை என்று பார்த்தால் கிண்டில் மாதிரி மின்னூல் படிக்கும் கருவியை, அதாவது இ-ரீடரை, அடித்துக்கொள்ள ஆளில்லை. குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் அனுமதி, ஒரு சாதாரண பேப்பர்பேக் நாவலே 200, 300 கிராம் இழுக்கும், நான்கு வைத்தால் ஒரு கிலோ போய்விட்டது. இ-ரீடர் பெரும்பாலும் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். பக்கம் மாறும்போது மட்டும்தான் அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், விளக்கைக் குறைத்து வைத்தால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும். அதையும் பவர் பேங்கையும் கைப்பையில் வையுங்கள், பவர் பேங்கைப் பெரிய லக்கேஜில் போட விமானத்தில் விடமாட்டார்கள்.

ஆனால் கிண்டிலில் இருக்கும் கதையை, பயணிகள் பலர் ஒரே அறையில் தங்கும் ஹாஸ்டலில் எதிர்க் கட்டிலில் படுத்திருப்பவரிடம் நீட்டி, "உங்களிடம் இருப்பதைத் தாருங்கள்" என்று கேட்க முடியாது. அதனால் என் யோசனை: இ-ரீடர் ஒன்று, காகிதப் புத்தகம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று கைமாறுவதற்காகவே வருவது. கையெழுத்து போட்டுப் பரிசாக வந்தது, மூன்று பாகத்தில் முதல் பாகம், எங்கே போனாலும் கண்ணில் படும் பெஸ்ட்செல்லர் இவையெல்லாம் வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே படித்து முடித்து, இன்னொருவரிடம் மனதாரக் கொடுக்கக்கூடிய நடுத்தரத் தடிமனான நாவல் போதும். பயண வழிகாட்டி நூல் எடுக்கிறீர்கள் என்றால் போகாத ஊர்களின் பக்கங்களைக் கூசாமல் வெட்டி எடுத்துவிடுங்கள், முதுகுப்பைக்காரர்கள் காலம்காலமாகச் செய்வதுதான்.

ஹாஸ்டல்களில் 'ஒன்றை வை, ஒன்றை எடு' என்று புத்தக அலமாரி இருக்கும் என்கிறார்கள். நான் பார்த்த ஓரிரண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பல இடங்களில் அப்படித்தான், காரணமும் எளிது. படிக்க முடியாமல் பாதியில் விட்டதைத்தான் ஆட்கள் அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள், பிடித்ததைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஐம்பது பேர் செய்தால் அலமாரி முழுக்க யாருக்கும் பிடிக்காத புத்தகம்தானே சேரும்? இதை மாற்ற ஒரே வழி, நமக்கு ரொம்பப் பிடித்த புத்தகத்தை அங்கே வைப்பது. கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் முடித்துவிட்ட புத்தகம் உங்கள் பையில் இன்னும் இரண்டு மாதம் சும்மா சுமையாக வருவதைவிட, மழையில் வெளியே போக முடியாமல் அந்த ஹாஸ்டல் சோபாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருடைய மத்தியானத்தைக் காப்பாற்றினால் அதுதான் அந்தப் புத்தகத்துக்கு மரியாதை. முதல் பக்கத்தில் ஊர், மாதம், பிடித்ததைப் பற்றி ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்தவர் அதற்குக் கீழே எழுதுவார். நான்கைந்து ஊர்ப் பெயர்கள் ஏறிய புத்தகத்தை அலமாரியில் பார்த்தால் நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன்.

கையில் எதுவும் இல்லாதபோது ஒன்றை எடுத்துக்கொள்வது தப்பா என்றும் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். தப்பில்லை, அடுத்த ஊர் அலமாரியில் வைத்துவிடுங்கள். சில விடுதிகளில் மட்டும் இரண்டு கொடுத்தால்தான் ஒன்று என்று விதி வைத்திருப்பார்கள், அங்கே அவர்கள் சொல்வதுதான் சரி.

அலமாரியைவிட நல்ல இடம், சக பயணிதான். காலைச் சாப்பாட்டு மேசையில் யாராவது கடைசி இருபது பக்கத்தில் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதிலும் நீங்கள் போகவிருக்கும் நாட்டிலிருந்து திரும்பி வருகிறவர் என்றால் விடவே கூடாது. அந்த நாட்டைப் பற்றிய நாவல், வழிகாட்டி, மொழிக் கையேடு எல்லாம் அவருக்கு இனி தேவைப்படாது, உங்களுக்கு நாளை முதல் தேவை. இதே காரணத்தால்தான் ஒரு நாட்டைப் பற்றிய புத்தகங்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் ஊர்களில், அதாவது எல்லை ஊர்களிலும் பெரிய விமான நிலையம் உள்ள நகரங்களிலும் தேங்கிக் கிடக்கும்.

ஹாஸ்டலை விட்டால் வேறு எங்கே தேடலாம்?

நிறைய இடம் இருக்கிறது. காட்மாண்டுவின் தமேல் பகுதியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு, அங்கே வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலையைத் தரும் வழக்கமும் இருக்கிறது. மலையேறப் போகிறவர்களுக்கு இது ரொம்பத் தோது. ஐரோப்பாவில் தெருவோர அலமாரிகளைப் பாருங்கள், குறிப்பாக ஜெர்மனியில் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம், பூட்டே கிடையாது. பிரிட்டனில் பயன்பாடு இழந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஊர்க்காரர்கள் ஒரு பவுண்டு கொடுத்து வாங்கிச் சின்ன நூலகமாக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு வாசலில் பறவைக்கூடு மாதிரி நிற்கும் புத்தக மரப்பெட்டிகள் 2009-இல் விஸ்கான்சினின் ஹட்சன் என்ற ஊரில் தொடங்கியவை. டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் அம்மாவின் நினைவாகப் பள்ளிக்கூட வடிவில் ஒரு பெட்டி செய்து வைத்தார், அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2001-இல் தொடங்கிய புக்கிராசிங் என்ற இணையதளம் இன்னொரு வழி. புத்தகத்தைப் பதிவு செய்தால் ஒரு எண் வரும், அதை உள்ளே எழுதி எங்கேயாவது விட்டுவிட வேண்டும், கண்டெடுத்தவர் அந்த எண்ணைப் போட்டால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவரும்.

பாரிஸ் போனால் நோத்ர தாம் பேராலயத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி கடைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். ஜார்ஜ் விட்மன் 1951-இல் தொடங்கிய கடை. எழுத்து, வாசிப்பு என்று அலையும் இளைஞர்களை அவர் புத்தக அலமாரிகளுக்கு நடுவே இலவசமாகத் தங்க வைத்தார். கடையில் சில மணி நேரம் உதவ வேண்டும், தினம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், ஒரு பக்கத்தில் தன் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வாடகை. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். பணமில்லாத பயணிக்கு ஒரு புத்தகக் கடைக்காரர் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

புத்தகத்தால் எல்லையில் பிரச்சினை வருமா?

அபூர்வம், ஆனால் வரும். தைவானைத் தனி நாடு போலக் காட்டும் வரைபடம் இருந்ததற்காகச் சீன எல்லையில் வழிகாட்டி நூல்களைப் பிடுங்கி வைத்ததுண்டு. தாய்லாந்தில் மன்னரை அவமதித்ததாகக் குற்றம் உறுதியானால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை, அரச குடும்பத்தைப் பற்றிய சில புத்தகங்களுக்கு அங்கே தடையும் இருக்கிறது. போகும் நாட்டின் அரசியல் பற்றிய புத்தகத்தை அந்த நாட்டுக்கு வெளியே படித்து முடித்துவிடுவதே நல்லது.

பழைய புத்தகத்தில் மூட்டைப்பூச்சி வரும் என்கிறார்களே?

வரலாம். அட்டையும் தாளும் சேரும் முதுகுப் பகுதியை விரித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஜிப் பையில் போட்டு மூடியே வைத்திருங்கள்.

தமிழ்ப் புத்தகத்தை வெளிநாட்டு அலமாரியில் விட்டு வந்தால் யார் எடுப்பார்கள்?

ஊரைப் பொறுத்தது. கோலாலம்பூர், லண்டன், டொராண்டோ போன்ற தமிழர் நிறைய இருக்கும் நகரங்களில் தாராளமாக வையுங்கள், எடுக்க ஆள் வரும். மற்ற ஊர்களில் அது வருடக்கணக்கில் தூசிபடிந்து கிடக்கும் என்பதால் தமிழை மின்னூலாகவும் ஆங்கிலத்தைக் காகிதமாகவும் கொண்டுபோவது வசதி. 1998 முதல் நடக்கும் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொடங்கி நிறைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் உங்கள் வழியில் வந்தால் பொது நூலகத்துக்குள் நுழைந்துவிடுங்கள், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் நூல்களுக்குத் தனி வரிசையே உண்டு, உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. மின்னூல்களை மட்டும் கிளம்புவதற்கு முன்பே இறக்கி, ஒவ்வொன்றையும் திறந்து தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹாஸ்டல் வைஃபையை நம்பிப் போய்விட்டு இரவு பதினொரு மணிக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும் பக்கத்தோடு போராட வேண்டாம்.