குடியை நிறுத்தியவர்களுக்கான மாத்திரைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் கணவர் இரண்டு முறை குடியை விட்டுவிட்டு மறுபடியும் தொடங்கிவிட்டார். டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள் அம்மா. உடலுக்குள் போகும் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறி, பிறகு கல்லீரலின் நொதியொன்றால் சிதைக்கப்படுகிறது. டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்கிவிடுவதால், குடித்த சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். குடித்தால் இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் அவரைத் தடுக்கிறது. தெரியாமல் கொடுத்தால் ஆபத்து மட்டுமே மிஞ்சும், உண்மை வெளிப்படும் நாளில் உங்கள் கையால் சாப்பிடவும் அவர் அஞ்சுவார். அவர் சம்மதித்தால், கல்லீரல், இதயப் பரிசோதனைகளை முடித்து, கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழிந்தபின் மருத்துவர் தொடங்குவார். தினமும் காலையில் உங்கள் கண்ணெதிரே அவரே அதை விழுங்கட்டும். இம்மருந்து நன்றாகப் பலன் தருவது இப்படி ஒருவர் உடனிருக்கும்போதுதான்.

கேள்வி: நான் அந்த மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. கல்யாண வீட்டில் ஒரு பீர் குடித்தால் தவறா?

பதில்: குடிக்கவே கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் நீடிக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட ஆகாது.

கேள்வி: நால்ட்ரெக்சோன் என்கிறார்களே, அதுவும் இதே வகையா?

பதில்: இல்லை. அது குடித்தால் கிடைக்கும் இன்பத்தையும் குடிக்கத் தூண்டும் ஏக்கத்தையும் குறைக்கிறது. வழக்கமான அளவு நாளுக்கு 50 மில்லிகிராம். டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மருந்து எடுப்பவர் அதை நிறுத்திப் பொதுவாக 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே தொடங்க வேண்டும். முந்தினால், பழகிய மருந்து திடீரென நின்றதுபோல் கடுமையான விலகல் வேதனை வரும். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் பெரும்பாலும் அகாம்ப்ரோசேட் என்னும் மற்றொரு மருந்தைத்தான் யோசிப்போம். ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: நால்ட்ரெக்சோன் எடுக்கும் என் மகன் நேற்று குடித்துவிட்டான். மருந்து வீண்தானா?

பதில்: வீணில்லை அம்மா. மாத்திரையை நிறுத்தாமல், அவனைத் திட்டாமல், உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எந்த வேளையில், யாருடன், எதற்குப் பிறகு குடித்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். அதை வைத்துத்தான் மருந்தையும் ஆலோசனையையும் மாற்றியமைக்க முடியும்.