கொச்சி யூதர்களின் 'அலியா': கேள்வி பதில்

கேள்வி: கேரளாவில் யூதர்களை யாரும் துரத்தவில்லையே, அப்புறம் ஏன் இஸ்ரேலுக்குப் போனார்கள்?

பதில்: உண்மைதான். கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே ஜெபக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். அவர்கள் போனது பக்தியால். எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தினமும் ஜெபித்தவர்கள். அங்கே குடியேறுவதற்கு எபிரேயத்தில் 'அலியா' என்று பெயர். மேலே ஏறுதல் என்று பொருள்.

கேள்வி: இஸ்ரேல் 1948இல் உருவானது. இவர்கள் போனது 1950களில். ஏன் தாமதம்?

பதில்: யானைக்கால் நோய். கொச்சிப் பக்கம் அது அதிகம். தங்கள் நாட்டிலும் பரவிவிடும் என்று இஸ்ரேல் சுகாதாரத் துறை பயந்தது. வீடு வாசலை விற்றுவிட்டுப் பெட்டி கட்டி உட்கார்ந்திருந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1953 முதல் 1955 வரைதான் பெரும்பாலானவர்கள் போக முடிந்தது.

கேள்வி: போன இடத்தில் பிழைப்புக்கு என்ன செய்தார்கள்?

பதில்: பலரை மொஷாவ் என்னும் கூட்டுறவுக் கிராமங்களில் குடிவைத்தார்கள். தெற்கு இஸ்ரேலில் பெயர்செபா நகருக்கு அருகிலுள்ள நெவாத்தீம் என்ற கிராமத்துக்கு 1954இல் வந்தார்கள். வருடத்துக்கு 3,000 மி.மீ. மழை பார்த்தவர்கள், 200 மி.மீ. பெய்தாலே பெரிது என்ற பாலைவனத்தில் நிலத்தைக் கொத்தினார்கள். பெரும்பாலும் வியாபாரம் செய்து பிழைத்தவர்கள், விவசாயம் புதிது. அப்படியும் கேரளத்தின் சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் இஸ்ரேலில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் பிரவாசி பாரதிய சம்மான் விருதும் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: இன்று போகிறவர்களுக்கு என்ன உதவி?

பதில்: யூதர்கள் இஸ்ரேலில் குடியேறலாம் என்று 1950இல் வந்த திரும்பும் உரிமைச் சட்டம்தான் அடிப்படை. 1970 திருத்தத்துக்குப் பிறகு யூதரின் பேரப்பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. முதல் சில மாதங்களுக்கு 'சல் க்லிதா' என்ற உதவித்தொகை தவணையாக வரும். 'உல்பான்' வகுப்பில் சுமார் ஐந்து மாதம் எபிரேயம் இலவசமாகப் படிக்கலாம். என்னைக் கேட்டால் பணத்தைவிட இதுதான் பெரிய உதவி. மொழி வராமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: அங்கிருந்து வெளியேறிய பாலஸ்தீனர்களுக்கும் திரும்பும் உரிமை உண்டா?

பதில்: இந்தச் சட்டத்தில் இல்லை. 1948 போரில் சுமார் 7 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அவர்களின் வலியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை.

கேள்வி: மலையாளம் அங்கே இன்னும் இருக்கிறதா?

பதில்: பெரியவர்களிடம் இருக்கிறது. பெண்கள் கல்யாணத்தில் பாடும் மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதிய நோட்டுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பேரப்பிள்ளைகளில் பலருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது.