எரர் காயின்: வாங்கும் முன் பாருங்கள்

கேள்வி: நாணயக் கண்காட்சியில் 1990களின் எஃகு ஒரு ரூபாய் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் வழக்கமான சிங்கம். மறுபக்கம் ‘1’ இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம், பள்ளமாக, இடம் வலம் மாறி இருக்கிறது. 2,500 ரூபாய் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இதற்குப் புரோக்கேஜ் என்று பெயர். எரர் காயின்களில், அதாவது அச்சடிக்கும்போதே பிழை நேர்ந்த காசுகளில், எனக்கு மிகவும் பிடித்த வகை. அச்சடித்த காசு வெளியே விழாமல் ஒரு பக்க அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்று உலோக வில்லை வந்து அமர்ந்ததும், ஒட்டியிருக்கும் காசே அதற்கு அச்சாகிவிடும். அதனால்தான் சிங்கம் பள்ளமாக விழுகிறது. அச்சடித்த ஆண்டு எப்போதும், ‘1’ இருக்கும் பக்கத்தில்தான் வரும். ஆகவே அசல் காசில் ஆண்டே இருக்காது. “அபூர்வமான வருஷம்” என்று சொல்லி விலையை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

போலியை இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் வைத்து நெருக்கிச் செய்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பள்ளத்துக்குள் பழைய ‘1’, ஆண்டு இவற்றின் மிச்சம் தெரியும். எதிர்ப்பக்கச் சிங்கமும் நசுங்கியிருக்கும். ஒரு பக்கத்தை ராவியிருந்தால் தராசு காட்டிக்கொடுக்கும்: எடை 4.85 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். பள்ளச் சிங்கம் சற்றே அகன்று கோணியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கி விரிந்தால் அப்படித்தான் பதியும்.

சரி, எல்லாம் பொருந்தினாலும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். “அச்சுப்பிழை, அசல், போலி என்றால் பணம் திரும்ப” என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் 500 ரூபாய்க்குக்கூட வாங்க மாட்டேன். வாங்கிய பிறகு புளி, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். தேய்த்த காசுக்கு மதிப்பு விழுந்துவிடும்.

அப்புறம், நடுவட்டம் திரும்பியிருக்கும் பத்து ரூபாயும் அங்கே கண்ணில் படலாம். வளையமும் நடுவட்டமும் ஒரே அடியில் சேர்ந்து அச்சாகின்றன. எனவே வளையத்தில் ஒரு பக்கமும் நடுவில் மறுபக்கமும் இருந்தால், யாரோ தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தியது.

கேள்வி: வைஷ்ணோ தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய் என்னிடம் இருக்கிறது. பத்து லட்சம் தருவதாக வாட்ஸப்பில் ஒருவர் சொல்கிறார். ரிசர்வ் வங்கிக் கட்டணமாக முதலில் 3,500 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: ஒரு பைசா அனுப்பாதீர்கள். அது 2012 என்று பொறித்த நினைவு நாணயம். பிழை எதுவும் இல்லை, புழக்கத்தில் கிடைத்ததுதான். பழைய காசு, நோட்டு விற்பனைக்கு ரிசர்வ் வங்கி கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை. 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.