அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை ஏன் ஒட்டுமொத்தமாகத் திருத்த வேண்டும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சுதாகர்: முறையாக விசா வாங்கி வந்து பன்னிரண்டு வருஷமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். எல்லை தாண்டி வந்தவர்களோடு நம்மையும் ஏன் ஒரே மசோதாவில் சேர்க்க வேண்டும்? நமக்கு மட்டும் தனியாகக் கேட்கலாமே?

கேட்டுப் பார்த்தாயிற்று சுதாகர். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பை வேலைவழி கிரீன் கார்டில் நீக்கும் மசோதா 2019இல் கீழவையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் அதை வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) காலமே முடிந்துவிட்டது. சரி, வந்திருந்தாலும் மொத்த எண்ணிக்கை கூடியிருக்காது. 1990 சட்டம் வைத்த வருஷத்துக்கு 1,40,000 என்ற கணக்குதான் இன்றைக்கும், அதிலேயே மனைவி பிள்ளைகளையும் கழித்துக்கொள்கிறார்கள். நம் வரிசை நகர்ந்தால் மற்ற நாட்டுக்காரர் வரிசை நீளும், அவர்கள் எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? 2013இல் செனட் 68-32 என்று நிறைவேற்றிய ஒட்டுமொத்த மசோதாவில் அந்த வரம்பும் போயிருக்கும், குடும்பத்தாரைக் கணக்கில் சேர்ப்பதும் நின்றிருக்கும். கீழவைத் தலைமை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

மீனா: 1986இல் ஜனாதிபதி ரீகன் ஆவணமில்லாமல் இருந்தவர்களை மன்னித்தாரே, அப்புறமும் கூட்டம் வந்ததே?

வந்தது. சுமார் 27 லட்சம் பேருக்கு அந்தச் சட்டம் நிரந்தர வசிப்புரிமை கொடுத்தது. ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்தால் தண்டனை என்றும் சொன்னது, ஆனால் காட்டுகிற தாள் பார்வைக்கு அசலாக இருந்தால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம், அதனால் போலி அட்டை வியாபாரம்தான் வளர்ந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை, இனிமேல் வரப்போகிற தொழிலாளிக்கு ஒரு நேர்வழியைத் திறக்காமல் விட்டது. பால் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயத் தொழிலாளர் விசாவான ஹெச்-2ஏ பருவகால வேலைக்கு மட்டும்தான். மாட்டுக்கு ஏது பருவம்? தினமும் கறந்தாக வேண்டும். அப்படிப் பெரிய படிப்புத் தேவைப்படாத வேலைகளில் நிரந்தரமாக வருகிறவர்களுக்கு நாடு முழுமைக்கும் வருஷத்துக்கு 10,000 கிரீன் கார்டுக்கு மேல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு வேலையை மட்டும் வைத்திருந்தால் ஆள் எப்படி வருவான்? 2013 மசோதா இந்த மூன்றையும் சேர்த்தே தொட்டது: ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அபராதம், வரி, குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து 13 வருஷப் பாதை, முதலாளிகளுக்குக் கட்டாயக் கணினிச் சரிபார்ப்பு, புதியவர்களுக்குத் தனி விசா. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் நிற்காது.

முரளி: எல்லையில் வேலி கட்டினால் போதாதா?

விசாவில் விமானம் ஏறி வந்து, கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்களை வேலி என்ன செய்யும்? 1996 சட்டம் வேறு, ஒரு வருஷத்துக்கு மேல் ஆவணமில்லாமல் இருந்தவர் நாட்டை விட்டுப் போனால் பத்து வருஷம் திரும்ப முடியாது என்கிறது. ஊருக்குப் போய்க் காகிதத்தைச் சரிசெய்துகொண்டு வரலாம் என்று நினைப்பவரும் பயந்து இங்கேயே கிடக்கிறார்.

கவிதா: அண்ணா, மகள் நாலு வயதில் ஹெச்-4இல் (வேலை விசாவில் வருகிறவரின் குடும்பத்தாருக்கான விசா) வந்தாள். இப்போது 19. டாக்கா (சின்ன வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் வேலை அனுமதி கொடுக்கும் திட்டம்) கிடைக்குமா?

கிடைக்காதும்மா. 2012 ஜூன் 15 அன்று சட்டபூர்வ நிலை இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் அது. சட்டப்படி வந்த குழந்தை என்பதே அவளை வெளியே நிறுத்துகிறது. 2002 சட்டப்படி உங்கள் ஐ-140 மனு (வேலைவழி கிரீன் கார்டு மனு) நிலுவையில் இருந்த நாட்களை அவள் வயதில் கழிப்பார்கள், ஆனால் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் முறை வரும்போதுதான் அந்தக் கணக்கு. அதை நம்பி உட்காராதீர்கள். 21 ஆவதற்குள் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற்ற வேண்டும், இந்த மாதமே வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கேயே எழுதப் படிக்கக் கற்றவள் வெளிநாட்டு மாணவியாக நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிரபு: ஓட்டில்லாத நாங்கள் என்ன செய்ய முடியும்?

தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஓட்டில்லாதவரும் போகலாம். எந்த வருஷம் விண்ணப்பித்தீர்கள், பிள்ளைக்கு எப்போது 21 ஆகிறது என்று தேதியோடு சொல்லுங்கள். உங்கள் பகுதியில் பண்ணைக்காரர் யாராவது ஆளில்லாமல் தவித்தால் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.